திரையில் அறுபடாத நூல்: குறும்படத்தைத் திட்டமிடுவோம்

வாசிக்குமுன்

• நீங்கள் பார்த்த திரைப்படம் ஒன்றில், ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையே பொருந்தாத ஏதேனும் ஒன்றைக் கவனித்ததுண்டா?
• அதைக் கவனித்த அந்த நொடியில், உங்கள் மனம் கதையில் இருந்ததா?

முன்னுரை

மாணவர்கள் எடுத்த குறும்படம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். மாணவன் ஒருவன் தன் நண்பனிடம் மன்னிப்புக் கேட்கச் செல்கிறான். வலக்கையில் குடை, தோளில் பை. மின்தூக்கிக்குள் நுழைகிறான். அடுத்த நொடியில் மின்தூக்கியிலிருந்து வெளியே வருகிறான். இப்போது குடை இடக்கையில் இருக்கிறது. தோளில் இருந்த பையைக் காணவில்லை. அவன் நண்பனின் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். கதையின் மிக முக்கியமான தருணம் அது. ஆனால், பார்வையாளர்களின் மனம் ‘பை எங்கே போயிற்று?’ என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறது. அவன் கேட்கும் மன்னிப்பு அவர்களின் காதில் விழுவதில்லை.

தனித்தனியாகப் படம்பிடிக்கப்பட்ட துண்டுகள், திரையில் ஒரே நிகழ்ச்சியாக ஓடுவதுபோல் தோன்றச் செய்வதே ‘தொடர்ச்சி’ எனப்படும். தொடர்ச்சி சரியாக அமைந்தால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. அறுந்தால் மட்டுமே அது கண்ணுக்குத் தெரிகிறது. இதைப் படப்பிடிப்பு முடிந்தபின் கணினியில் சரிசெய்துகொள்ளலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், தொடர்ச்சி காகிதத்தில் தொடங்குகிறது.

துண்டுகள் இணைந்த வரலாறு

பிரான்ஸ் நாட்டின் லூமியேர் சகோதரர்கள் 1895ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் மக்களுக்குக் காட்டிய படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்திற்கும் குறைவாகவே ஓடின. கேமராவை ஓரிடத்தில் நிறுத்தி, எதிரே நடப்பதை இடைவிடாமல் பதிவுசெய்தார்கள். துண்டுகளே இல்லாததால், அவற்றை இணைக்கும் தேவையும் எழவில்லை.

கதைகள் நீண்டபோது சிக்கல் பிறந்தது. அமெரிக்க இயக்குநர் எட்வின் போர்ட்டர் 1903ஆம் ஆண்டு வெளிவந்த ‘லைஃப் ஆஃப் ஆன் அமெரிக்கன் ஃபயர்மேன்’ என்னும் படத்தில், தீப்பிடித்த வீட்டிலிருந்து ஒரு தாயும் குழந்தையும் மீட்கப்படுவதைக் காட்டினார். முதலில், அறையின் உள்ளேயிருந்து மீட்புப்பணி முழுவதும் காட்டப்படுகிறது. பிறகு, அதே மீட்புப்பணி வீட்டின் வெளியேயிருந்து மீண்டும் தொடக்கத்திலிருந்து காட்டப்படுகிறது. இன்று அதைப் பார்ப்பவர்களுக்கு, அந்தத் தாய் இருமுறை காப்பாற்றப்படுவதுபோல் தோன்றும். ஒரு செயலை உள்ளே தொடங்கி வெளியே முடிப்பதுபோல் வெட்டி இணைக்கலாம் என்பது அக்காலத்தில் இன்னும் வழக்கமாகவில்லை.

1920ஆம் ஆண்டு வாக்கில் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு சோதனை செய்தார். மாஸ்கோ நகரின் வெவ்வேறு இடங்களில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நடந்து வருவதைத் தனித்தனியாகப் படம்பிடித்தார். இருவரும் சந்திப்பதுபோல் அத்துண்டுகளை இணைத்தார். அவர்கள் திரும்பிப் பார்க்கும் இடத்தில், அமெரிக்காவின் வெள்ளை மாளிகையைக் காட்டும் துண்டு ஒன்றைச் சேர்த்தார். பார்த்தவர்களுக்கு எல்லாம் ஒரே இடத்தில் நடப்பதுபோல் தோன்றியது. திசையும் பார்வையும் பொருந்திவிட்டால், விடுபட்டதைப் பார்வையாளரின் மனமே நிரப்பிக்கொள்ளும் என்பதை இச்சோதனை காட்டுகிறது. அம்மனத்திற்குச் சரியான குறிப்புகளைக் கொடுப்பதே படம் எடுப்பவரின் பொறுப்பு.

நமது கதை

மூன்று நிமிடக் குறும்படம் ஒன்றைத் திட்டமிடுவோம். கதை இதுதான்.

சனிக்கிழமை காலை. பேரன் இணைப்பாட நடவடிக்கைக்காகப் பள்ளிக்குப் புறப்படுகிறான். பாட்டி சூடான மைலோவை டம்ளரில் ஊற்றி மேசைமேல் வைக்கிறார். அவன் காதில் இயர்ஃபோன், கண் கைத்தொலைபேசியில். மைலோவைத் தொடாமலேயே வெளியேறுகிறான். புளோக்கின் கீழே வந்தபின், தண்ணீர்ப் புட்டியை மறந்துவிட்டது தெரிகிறது. தலையை உயர்த்திப் பார்க்கிறான். மாடித் தாழ்வாரத்தில் அந்தப் புட்டியுடன் பாட்டி நிற்கிறார். அவர் ஒவ்வொரு வாரமும் அப்படி நின்று பார்க்கிறவர் என்பது அவனுக்கு அப்போதுதான் புரிகிறது. திரும்பி வீட்டுக்குப் போகிறான், மேசைமுன் அமர்கிறான்.

“ஆறிப்போச்சு, கண்ணா. வேற போட்டுத் தரேன்.”

“பரவால்ல பாட்டி. நீங்களும் உக்காருங்க.”

இக்கதையில் பெரிய நிகழ்ச்சி எதுவும் இல்லை. ஒருவரை ஒருவர் பார்க்கிறார்களா, இல்லையா என்பதே கதை. ஆகவே, பார்வையின் திசை தவறினால் கதையே தவறிவிடும்.

ஷாட் பட்டியல்

கேமராவை இயக்கத் தொடங்கியதிலிருந்து நிறுத்தும்வரை பதிவாகும் ஒரு துண்டை ‘ஷாட்’ என்கிறோம். நம் கதையைப் பன்னிரண்டு ஷாட்டுகளாகப் பிரிக்கலாம்.

1. சமையலறை, அகல ஷாட். பாட்டி இடப்புறம், பேரன் வலப்புறம். மேசையில் டம்ளர், ஆவி எழுகிறது.
2. பாட்டி, நடு ஷாட். வலப்புறமாகப் பேரனைப் பார்க்கிறார்.
3. பேரன், நடு ஷாட். குனிந்து கைத்தொலைபேசியைப் பார்க்கிறான்.
4. அகல ஷாட். பேரன் எழுந்து வலப்புறமாக வெளியேறுகிறான்.
5. தாழ்வாரம். இடப்புறத்திலிருந்து வலப்புறமாக மின்தூக்கியை நோக்கி நடக்கிறான்.
6. புளோக்கின் கீழே. இடமிருந்து வலமாக நடந்தவன் நிற்கிறான்; பையைத் தொட்டுப் பார்க்கிறான்; இடப்புறமாகத் திரும்பி மேலே பார்க்கிறான்.
7. அவன் பார்வையில், தாழ்வாரத்தில் நிற்கும் பாட்டி. வலப்புறமாகக் கீழே பார்க்கிறார்.
8. பேரன், அண்மை ஷாட். இயர்ஃபோனைக் கழற்றுகிறான்.
9. தாழ்வாரம். வலப்புறத்திலிருந்து இடப்புறமாக வேகமாக நடக்கிறான்.
10. சமையலறை, அகல ஷாட். நாற்காலியை இழுத்து உட்காரத் தொடங்குகிறான்.
11. பேரன், நடு ஷாட். உட்கார்ந்து முடிக்கிறான், இடப்புறமாகப் பாட்டியைப் பார்க்கிறான்.
12. பாட்டி, அண்மை ஷாட். வலப்புறமாகப் பேரனைப் பார்க்கிறார்.

கற்பனைக் கோடு

பட்டியலுக்கு அடுத்து, சமையலறையின் தரை வரைபடத்தை வரைய வேண்டும். அறையை மேலேயிருந்து பார்ப்பதுபோல் ஒரு சதுரம் வரையுங்கள். மேசை, சன்னல், கதவு ஆகியவற்றைக் குறியுங்கள். பாட்டிக்கு ஒரு வட்டம், பேரனுக்கு ஒரு வட்டம் இடுங்கள். பிறகு, இரு வட்டங்களையும் இணைத்து ஒரு நேர்க்கோடு வரையுங்கள். இதுவே ‘கற்பனைக் கோடு’. கேமரா எப்போதும் இக்கோட்டின் ஒரே பக்கத்தில், அதாவது 180 பாகை கொண்ட அரைவட்டத்திற்குள் இருக்க வேண்டும். இதனை ‘180 பாகை விதி’ என்பார்கள்.

கேமரா கோட்டைத் தாண்டி மறுபக்கம் போனால் என்ன ஆகும்? இரண்டாம் ஷாட்டில் பாட்டி வலப்புறம் பார்க்கிறார். பதினொன்றாம் ஷாட்டை மறுபக்கத்திலிருந்து எடுத்தால், பேரனும் வலப்புறமே பார்ப்பான். இருவரும் எதிரெதிரே அமர்ந்திருந்தாலும், திரையில் அவர்கள் மூன்றாவது ஒன்றைச் சேர்ந்து பார்ப்பதுபோல் தோன்றும். பேரன் முதன்முறையாகப் பாட்டியைப் பார்க்கும் அந்த நொடி வீணாகிவிடும்.

கோட்டைத் தாண்டவே கூடாது என்பதில்லை. கேமரா நகர்ந்து மறுபக்கம் செல்வதை ஒரே ஷாட்டில் பார்வையாளருக்குக் காட்டலாம். அல்லது, நடிப்பவர் எழுந்து வேறிடத்திற்குப் போகலாம். அப்போது கோடும் அவரோடு இடம் மாறும். பார்வையாளருக்குத் தெரியாமல் தாண்டுவதுதான் குழப்பத்தை உண்டாக்கும்.

திசையும் பார்வையும்

பேரன் வீட்டைவிட்டுப் போகும்போது இடமிருந்து வலமாக நடக்கிறான். நான்காம் ஷாட்டில் வலப்புறமாக வெளியேறியவன், ஐந்தாம் ஷாட்டில் இடப்புறத்திலிருந்து நுழைகிறான். ஆகவே, அவன் நிற்காமல் நடந்துகொண்டிருப்பதாக நம் மனம் ஏற்கிறது. ஐந்தாம் ஷாட்டில் அவன் வலப்புறத்திலிருந்து நுழைந்தால், வீட்டுக்கே திரும்பிவிட்டதுபோல் தோன்றும். ஒன்பதாம் ஷாட்டில் அவன் உண்மையாகவே திரும்புகிறான். அதனால் திசையும் மாறுகிறது. ‘நான் திரும்பிப் போகிறேன்’ என்று அவன் சொல்லத் தேவையில்லை.

ஆறாம், ஏழாம் ஷாட்டுகளைக் கவனியுங்கள். முதலில் ஒருவர் ஓரிடத்தைப் பார்ப்பதைக் காட்டுகிறோம். பிறகு, அவர் பார்ப்பதைக் காட்டுகிறோம். இது ‘பார்வைப் பொருத்தம்’. சமையலறையில் பாட்டி இடப்புறம் இருந்தார். இங்கும் அவன் இடப்புறமாகவே பார்க்கிறான். அவன் மேலே பார்ப்பதால், பாட்டியைக் கீழிருந்தே படம்பிடிக்க வேண்டும்.

இங்கே குலெஷோவின் சோதனை நமக்குக் கைகொடுக்கும். கதையில் பாட்டியின் வீடு நான்காம் மாடியில் இருக்கலாம். கீழிருந்து எடுத்தால் அவர் முகம் தெளிவாகத் தெரியாது. அதே புளோக்கின் இரண்டாம் மாடியில் அவரை நிற்கவைத்து எடுத்தால், முகம் தெரியும். பார்வையாளருக்கு மாடி வேறுபாடு தெரியாது. சமையலறை ஒரு மாணவரின் வீட்டிலும் தாழ்வாரம் இன்னொரு வட்டாரத்திலும் இருக்கலாம். புளோக் எண்ணும் மாறுபட்ட சுவர் நிறமும் படத்தில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால், யாரையும் தாழ்வாரத்தின் கைப்பிடிச் சுவருக்கு வெளியே எட்டிப் பார்க்கவைக்கக் கூடாது. எந்த ஷாட்டும் பாதுகாப்பைவிடப் பெரிதன்று.

செயலின் நடுவே வெட்டுதல்

பத்தாம், பதினொன்றாம் ஷாட்டுகள் ஒரே செயலின் இரண்டு பகுதிகள். அகல ஷாட்டில் பேரன் உட்காரத் தொடங்குகிறான். நடு ஷாட்டில் உட்கார்ந்து முடிக்கிறான். நம் கண் அசைவைப் பின்தொடர்வதால், அசைவின் நடுவே நிகழும் வெட்டு எளிதில் புலப்படுவதில்லை. இதனைச் ‘செயல் பொருத்தம்’ என்கிறோம்.

இதற்கு ஒரு நடைமுறை உண்டு. நாற்காலியை இழுப்பதிலிருந்து உட்காருவதுவரை முழுச் செயலையும் இரண்டு கோணங்களிலும் எடுக்க வேண்டும். பாதிச் செயலை மட்டும் எடுத்தால், படத்தொகுப்பின்போது வெட்டுவதற்கு இடமிருக்காது. அதேபோல், ஒவ்வொரு ஷாட்டையும் செயலுக்குச் சில நொடிகள் முன்பே தொடங்கி, செயல் முடிந்து சில நொடிகள் கழித்தே நிறுத்துங்கள்.

ஒரே ஆளை அடுத்தடுத்து இரு ஷாட்டுகளில் காட்டும்போது, கேமராவின் கோணம் 30 பாகையாவது மாற வேண்டும். நெருக்கமும் மாறினால் இன்னும் நன்று. கோணம் சிறிதளவே மாறினால், ஆள் திடீரென்று துள்ளியதுபோல் தோன்றும். இது ‘தாவல் வெட்டு’ எனப்படும்.

மாறக்கூடாதவையும் மாற வேண்டியவையும்

குழுவில் ஒருவர் ‘தொடர்ச்சிக் கண்காணிப்பாளர்’ பொறுப்பை ஏற்க வேண்டும். அவர் நடிக்கவும் கூடாது. கேமராவை இயக்கவும் கூடாது. கவனிப்பதே அவர் வேலை. ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துவைப்பார். குறிப்பேட்டில் உடை, தலைமுடி, கையிலுள்ள பொருள், மேசைமேல் உள்ளவை, கடிகாரம் காட்டும் நேரம் ஆகியவற்றை எழுதுவார்.

நம் கதையில் அவர் மிகவும் கவனிக்க வேண்டிய பொருள் டம்ளர். பேரன் மைலோவைத் தொடவில்லை. ஆகவே, முதல் ஷாட்டிலும் பத்தாம் ஷாட்டிலும் மைலோவின் அளவு ஒன்றாகவே இருக்க வேண்டும். ஆனால், முதல் ஷாட்டில் எழுந்த ஆவி பத்தாம் ஷாட்டில் எழக்கூடாது. மேலே மெல்லிய ஆடை படிந்திருக்கலாம். ஆறிப்போன மைலோ, கடந்துபோன நேரத்தைச் சொல்லாமல் சொல்கிறது. இயர்ஃபோனும் அப்படியே: எட்டாம் ஷாட்டில் கழற்றியபின், அது மீண்டும் காதில் தோன்றக் கூடாது. எல்லாவற்றையும் அப்படியே வைத்திருப்பது மட்டும் தொடர்ச்சி அன்று. மாறக்கூடாதது மாறாமல் இருக்க வேண்டும். மாற வேண்டியது மாறியிருக்க வேண்டும்.

ஒலிக்கும் தொடர்ச்சி உண்டு. ஒரு ஷாட்டில் குளிர்பதனப் பெட்டி இரைந்து, அடுத்த ஷாட்டில் இரையாவிட்டால், கண்ணுக்குத் தெரியாத வெட்டு காதுக்குத் தெரிந்துவிடும். யாரும் பேசாமல், அறையின் அமைதியை மட்டும் 30 நொடிகள் பதிவுசெய்துகொள்ளுங்கள். ஷாட்டுகளுக்கு அடியில் அதை ஓடவிட்டால், அவை ஒரே அறையில் நடப்பதாக ஒலிக்கும். எட்டாம் ஷாட்டுவரை பேரன் கேட்கும் பாடலின் இசையே நமக்கும் கேட்கட்டும். இயர்ஃபோனைக் கழற்றியதும் இசை நிற்கட்டும். காலையில் கூவும் குயிலின் ஒலி கேட்கட்டும். இங்கே ஒலி மாறுவதற்குக் கதையில் காரணம் இருக்கிறது.

படப்பிடிப்பு நாள்

கதையின் வரிசையிலேயே படம்பிடிக்க வேண்டியதில்லை. சமையலறை ஷாட்டுகள் ஏழையும் ஒரே நேரத்தில் எடுக்கலாம், பிறகு தாழ்வாரம், பிறகு புளோக்கின் கீழ்ப்பகுதி. ஆனால், இப்படி எடுக்கும்போது, பேரனாக நடிப்பவர் கீழே இறங்கிப் பாட்டியைப் பார்ப்பதற்கு முன்பே, அவரைப் பார்த்துவிட்டு வந்தவன்போல் நடிக்க வேண்டியிருக்கும். அதனால், ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் இயக்குநர் அவரிடம், “இதற்கு முன் என்ன நடந்தது?” என்று கேட்பது நல்லது. உணர்ச்சிக்கும் தொடர்ச்சி தேவை.

வெளிச்சத்தையும் திட்டமிடுங்கள். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் காலை ஏழு மணி வாக்கில் உதிக்கிறது. எட்டரை மணிக்கு நீண்டிருக்கும் நிழல், நண்பகலில் காலடியில் சுருங்கிவிடும். வெளிப்புற ஷாட்டுகளை ஒரே காலை நேரத்தில் முடித்துவிடுங்கள். மழை வந்தால் இன்னொரு நாள் காலையில் அதே நேரத்தில் தொடருங்கள். கைத்தொலைபேசி தானாகவே வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றிக்கொள்ளும். அதை மாறாமல் நிலைப்படுத்தும் வசதியைப் பயன்படுத்துங்கள். பொது இடத்தில் படம்பிடிக்க, ஆசிரியரின் வழியாக முன்கூட்டியே அனுமதி பெறுங்கள்.

விதிகளை மீறலாமா?

பிரெஞ்சு இயக்குநர் ஜான்-லூக் கொதார் 1960ஆம் ஆண்டு வெளியிட்ட தம் முதல் முழுநீளப் படத்தில், தாவல் வெட்டுகளை வேண்டுமென்றே பயன்படுத்தினார். அந்தப் படபடப்பான ஓட்டம் பலரைக் கவர்ந்தது. நீங்களும் மீறலாம். ஆனால், ‘இந்த வெட்டு பார்வையாளரிடம் எதை உணர்த்த வேண்டும்?’ என்ற கேள்விக்கு உங்களிடம் விடை இருக்க வேண்டும். விடை இருந்தால் அது உத்தி; இல்லாவிட்டால் அது கவனக்குறைவு.

முடிவுரை

தொடர்ச்சி என்பது விதிகளின் தொகுப்பாகத் தோன்றினாலும், அடிப்படையில் அது பார்வையாளர்மேல் கொண்ட அக்கறை. அவர் எங்கே பார்க்க வேண்டும், எதை நம்ப வேண்டும் என்பதை முன்கூட்டியே சிந்தித்து வழி அமைத்துக் கொடுக்கிறோம். அவர் கையையும் பையையும் தேடாமல் இருந்தால்தான், பேரன் பாட்டியைப் பார்க்கும் அந்த ஒரு நொடியை முழுமையாகக் காண முடியும். அந்த நொடிக்காகத்தான் தரை வரைபடமும், பட்டியலும், குறிப்பேடும்.

சொற்பொருள்

தொடர்ச்சி – துண்டுகள் ஒன்றாக இணைந்து ஓடும் தன்மை
பாகை – கோணத்தை அளக்கும் அலகு
உத்தி – ஒரு பயனை அடையக் கையாளும் வழிமுறை
படத்தொகுப்பு – ஷாட்டுகளை வெட்டி, வரிசைப்படுத்தி இணைத்தல்
தாழ்வாரம் – வீடுகளின் முன்னால் அமைந்த பொது நடைபாதை

கருத்தறிதல்

1. 1903ஆம் ஆண்டுப் படத்தில் மீட்புப்பணி இருமுறை நிகழ்வதுபோல் தோன்றுவது ஏன்?
2. கற்பனைக் கோட்டைத் தாண்டினால், இக்கதையின் பதினொன்றாம் ஷாட்டுக்கு என்ன பாதிப்பு ஏற்படும்?
3. ‘மாறக்கூடாதது மாறாமல் இருக்க வேண்டும்; மாற வேண்டியது மாறியிருக்க வேண்டும்.’ இக்கூற்றை டம்ளரைக் கொண்டு விளக்குக.
4. எட்டாம் ஷாட்டில் ஒலி மாறுவது பேரனைப் பற்றி நமக்கு எதை உணர்த்துகிறது?
5. ‘தொடர்ச்சி என்பது பார்வையாளர்மேல் கொண்ட அக்கறை.’ இக்கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணத்துடன் எழுதுக.

குழு நடவடிக்கை

நால்வர் கொண்ட குழுவாகச் சேர்ந்து, ஒருவர் மற்றொருவரின் அன்பை உணரும் கதை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு எட்டு ஷாட்டுகள் கொண்ட பட்டியலும் ஒரு தரை வரைபடமும் தயாரியுங்கள். கதைமாந்தர்களின் உரையாடலைப் பேச்சுத்தமிழில் எழுதுங்கள். உங்கள் திட்டத்தை மற்றொரு குழுவிடம் கொடுங்கள். நீங்கள் எதுவும் விளக்காமல், அவர்கள் உங்கள் கதையைச் சரியாகச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.